வாக்குத்தத்த அட்டைக்கு வெளியே

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'வேதமும் அன்றாட வாழ்வும்' என்ற பொருளில் பேசச் சொன்னார்கள். கடல் போன்ற தலைப்பு இது. நான் கரையோரமாக ஓர் இடத்தில் இறங்கிக்கொள்கிறேன். நம் எல்லார் வீட்டுச் சுவரிலும் பீரோ கதவிலும் ஒட்டியிருக்கும் வாக்குத்தத்த அட்டைதான் அந்த இடம்.

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் தட்டில் வைத்து அட்டைகளை நீட்டுவார்கள். கண்ணை மூடி ஒன்றை எடுப்போம். அந்த ஆண்டுக்கு ஆண்டவர் நமக்குத் தந்த வசனம் அது. இப்போது கைப்பேசியிலேயே நாள்தோறும் காலை ஒரு வசனம், சூரிய உதயப் படத்தோடு வந்து விழுகிறது. இந்த வழக்கத்தைக் கேலி செய்ய நான் வரவில்லை. மருத்துவமனை வராந்தாவில் பைக்குள் மடித்து வைத்த அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். என் கேள்வி வேறு. அட்டையில் ஏறும் வசனங்களைக் கவனித்திருக்கிறீர்களா? எல்லாமே நமக்கு ஏதாவது தரும் வசனங்கள். நம்மிடம் ஏதாவது கேட்கும் வசனம் ஒன்றுகூடத் தட்டில் இருப்பதில்லை. கடனைத் திருப்பிக் கொடு, கூலியைப் பிடித்துவைக்காதே, சகோதரனோடு ஒப்புரவாகிவிட்டுப் பிறகு பலிபீடத்துக்கு வா என்றெல்லாம் சொல்லும் வசனங்கள் வேதத்தில் குறைவில்லாமல் இருக்கின்றன. அவற்றைப் புத்தாண்டு இரவில் யாரும் அச்சடித்துத் தருவதில்லை. தந்தால் வேறு அட்டை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்போம்.

வசனத்தைத் தனியே வெட்டி எடுக்க முடிகிறது என்பதே வேதத்தின் வயதோடு ஒப்பிட்டால் புதிய வசதி. அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்ற ஆங்கிலேய இறையியலாளர் செய்தவை. புதிய ஏற்பாட்டுக்கு இன்று நாம் பயன்படுத்தும் வசன எண்களைப் போட்டவர் ராபர்ட் எஸ்தியேன் என்ற பிரெஞ்சு அச்சுக்காரர், ஆண்டு 1551. தேடி எடுப்பதற்காகப் போட்ட எண்கள் அவை. அதற்கு முன் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் சபைகள் பவுலின் கடிதங்களைக் கடிதங்களாகத்தான் கேட்டன. கடிதத்தில் ஒரு வரியை மட்டும் கத்தரித்துச் சட்டம் போட்டு மாட்டினால் எழுதியவர் யார், யாருக்கு, எந்த வேதனையில் எழுதினார் என்பதெல்லாம் தரையில் விழுந்துவிடும்.

தமிழ்நாட்டில் மிக அதிகம் அட்டையேறிய வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. உங்களுக்கு மனப்பாடம், நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களைக் குறித்து நான் வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கானவை அல்ல, நன்மைக்கானவை என்று கர்த்தர் சொல்லும் இடம். தேர்வு எழுதும் பிள்ளைக்கும் வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருப்பவருக்கும் கொடுக்கிறோம்.

இந்த வசனம் இருப்பது ஒரு கடிதத்துக்குள். கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ராஜாவையும் பிரபுக்களையும் தச்சர் கொல்லரையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போனான். எருசலேமில் தங்கிவிட்ட எரேமியா, அந்தச் சிறையிருப்பின் மக்களுக்கு அரச தூதர்கள் கையில் கொடுத்தனுப்பிய கடிதம் அது. அதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே ஆண்டுகளில் எல்லாரும் திரும்பிவிடுவீர்கள், ஆலயத்துப் பாத்திரங்களும் திரும்பிவரும் என்று மக்கள் முன்னிலையில் சொல்கிறான். பாபிலோனுக்கு அடிபணிவதன் அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் கிடந்த மரநுகத்தைப் பிடுங்கி உடைத்தும் காட்டுகிறான். அன்றைய எருசலேமில் வாக்குத்தத்த அட்டை அச்சடித்திருந்தால் அனனியாவின் வசனம்தான் விற்றுத் தீர்ந்திருக்கும். எரேமியா எழுதியது என்ன? பத்தாம் வசனத்தைப் பாருங்கள். எழுபது ஆண்டுகள்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது முப்பது வயதில் இருந்த ஒருவன் ஊர் திரும்பப் போவதில்லை. பாபிலோனில்தான் அவனைப் புதைப்பார்கள். நன்மைக்கான நினைவுகள் என்ற வாக்கு அவன் பேரப்பிள்ளைகள் கண்டு அனுபவிக்க வேண்டியது. அப்படியானால் அவன் இன்று செய்ய வேண்டியது என்ன? அது ஐந்து முதல் ஏழு வரையுள்ள வசனங்களில் இருக்கிறது. வீடு கட்டு, அதில் குடியிரு. தோட்டம் போடு, அதன் பலனைச் சாப்பிடு. பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவை. உன்னைச் சிறைபிடித்து வந்தானே, அவனுடைய ஊரின் நன்மையைத் தேடு, அந்த ஊருக்காக ஜெபம் பண்ணு. அதற்குச் சமாதானம் இருந்தால்தான் உனக்கும் சமாதானம். ஆலயம் இல்லாத, பலி இல்லாத, சொந்த மண் இல்லாத ஓர் இடத்தில் விசுவாசி எப்படி வாழ்வது என்பதற்கு வேதத்தில் இவ்வளவு நடைமுறையான பாடம் அதிகம் இல்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதும் எதிரியின் ஊருக்காக முழங்கால் போடுவதுமாக அந்த எழுபது ஆண்டையும் அவர்கள் கழிக்க வேண்டியிருந்தது.

இந்தக் கடிதத்துக்கு வந்த எதிர்வினையும் அதே அதிகாரத்திலேயே பதிவாகியிருக்கிறது. நாம் அவ்வளவு தூரம் வாசிப்பதில்லை. பாபிலோனில் இருந்த செமாயா என்பவன் கொதித்துப்போய் எருசலேம் ஆசாரியனுக்கு எழுதுகிறான்: அந்த எரேமியாவை ஏன் இன்னும் தொழுவில் மாட்டாமல் விட்டுவைத்திருக்கிறாய்? அவன் எடுத்துக்காட்டும் குற்றம் என்ன தெரியுமா? இது நெடுங்காலம் ஆகும், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று எழுதியதுதான். பதினோராம் வசனத்தோடு அவனுக்குத் தகராறே இல்லை. ஐந்தாம் வசனம்தான் அவனைச் சுட்டது. நமக்கும் அவனுக்கும் உள்ள வேறுபாடு, அவன் ஐந்தாம் வசனத்தை வாசித்துவிட்டுக் கோபப்பட்டான் என்பதே.

தினம் ஒரு வசனம் என்ற ஏற்பாட்டுக்கு ஜெர்மனியில் ஒரு பழைய முன்மாதிரி உண்டு. சாக்சனிப் பகுதியில் ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூர். மொராவியாவிலிருந்து துரத்தப்பட்டு வந்த அகதிகளுக்குச் சின்சென்டார்ஃப் பிரபு தம் நிலத்தில் இடம் கொடுக்க, 1722இல் உருவான ஊர். வந்தவர்கள் தங்களுக்குள் கடுமையாகச் சண்டையிட்டு, 1727 ஆகஸ்டில் ஒப்புரவானவர்கள். அடுத்த ஆண்டு மே மாதம் மாலைக் கூடுகையில் சின்சென்டார்ஃப் மறுநாளுக்கான ஒரு வாக்கைக் கொடுக்கத் தொடங்கினார். 1731 முதல் அது ஆண்டுதோறும் புத்தகமாக அச்சாகி வருகிறது. நாளது வரை நிற்கவில்லை. அங்கும் சீட்டுப் போட்டுத்தான் வசனம் எடுக்கிறார்கள்.

ஆனால் தொடக்க காலத்தில் அந்த வசனம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த விதத்தைக் கேளுங்கள். காலையில் ஊரில் இருந்த 32 வீடுகளுக்கும் ஒரு சகோதரர் நடந்து போவார். வசனத்தைச் சொல்லிவிட்டு உடனே திரும்பிவிட மாட்டார். வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்குள் மனத்தாங்கல், அடுப்பு எரிகிறதா என்று விசாரிப்பார். வசனம் ஒரு மனிதனின் காலில் ஏறி வந்தது. அதைக் கேட்பவர் திரும்பப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நம் கைப்பேசி வசனத்துக்குக் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினால் போதும்.   

என் வாதத்துக்கு எதிராகவும் ஒரு சாட்சி உண்டு. அதை மறைப்பது நேர்மையல்ல. ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிச் போன்ஹோஃபர் 1939 ஜூனில் நியூயார்க்கில் இருந்தார். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி, பாதுகாப்பாக, பணியும் கையில் இருக்க. மனம் நிலைகொள்ளவில்லை, திரும்பிப் போவதாக முடிவு செய்தார். ஜூன் 26ஆம் தேதி அவர் கண்ணில் பட்டது 2 தீமோத்தேயு 4:21. மாரிகாலத்துக்கு முன் வந்துவிடும்படி சிறையிலிருக்கும் பவுல் தீமோத்தேயுவைக் கேட்டுக்கொள்ளும் இடம். ஒரு பயணத் தகவல், அவ்வளவுதான். அது நாள் முழுவதும் தம்மை விடவில்லை என்று நாட்குறிப்பில் எழுதினார். அது தமக்கே சொல்லப்பட்டதாக எடுத்துக்கொள்வது வேதத்தைத் தவறாகப் பயன்படுத்துவது ஆகாது என்றும் எழுதினார். ஜூலையில் கப்பலேறினார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார்.

அவர் செய்ததும் வசனத்தைத் தனியே எடுத்ததுதானே? ஆம். ஆனால் எந்த வசனத்தை எடுத்தார் என்று பாருங்கள். சிறையில் கிடக்கும் ஒரு கிழவரின் வேண்டுகோளை. அதில் போன்ஹோஃபருக்கு வரவு எதுவும் இல்லை, செலவு மட்டும். வசனத்தைத் தனக்கென்று எடுத்துக்கொள்வதில் பிழை ஏதும் இல்லை என்றுதான் எனக்கும் படுகிறது. நம் கை எப்போதும் ஒரே பக்கத்துக்கே நீளுகிறது என்பதுதான் என் வருத்தம்.

இனி நம் ஊருக்கு வருவோம். ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகிவிட்டது. ஆனால் அச்சுப் புத்தகம் வந்ததும் எல்லாரும் எடுத்து வாசித்துவிடவில்லை. நெடுங்காலம் நம் முன்னோருக்கு வேதம் என்பது காதில் விழுவது. உபதேசியார் வாசிப்பார், எழுத்தறியாத பாட்டிமார் சங்கீதங்களை முழுசு முழுசாக மனத்தில் ஏற்றிக்கொள்வார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம், விட்ட இடத்திலிருந்து ஓர் அதிகாரம், தூங்கி விழும் பிள்ளைக்கு ஒரு குட்டு. இந்த முறையில் ஒரு பெரிய நன்மை இருந்தது. வரிசையாக வாசித்தால் பிடிக்காத அதிகாரமும் வந்தே தீரும். தப்ப முடியாது.

அப்படிக் கேட்டு வளர்ந்தவர்கள் அதன்படி நடந்தார்களா என்றால், எல்லாரும் நடக்கவில்லை. வேதத்தில் ஊறியவர்களே சறுக்கிய இடங்கள் உண்டு. ஜெர்மானிய மிஷனெரி பப்ரிசியுஸ் ஐயரை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் வேதாகமத்துக்கு அவர் செய்த மொழிபெயர்ப்பைச் சபையார் பொன் போலப் போற்றினார்கள். அவர் ஆக்கித் தந்த ஞானப்பாட்டுகளை இன்றும் பாடுகிறோம். சென்னையில் முதிய வயதில் அவர் கொடுக்கல் வாங்கலில் சிக்கிக் கடனுக்காகச் சிறைக்குப் போனார். சுயநலத்துக்காக அவர் எதுவும் செய்ததாகத் தெரியவில்லை. பிறர் நம்பி ஒப்படைத்த பணத்தை வாங்கத் தகாத கைகளில் கொடுத்துவிட்டார். ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுத் தெரிந்தெடுத்த மனிதருக்குக் கடன் பத்திரத்தை எடைபோடத் தெரியவில்லை. அவரைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. வேத அறிவு தானாக வழிந்து பெட்டிக்கணக்குக்குள் இறங்கிவிடாது. அதற்கென்று தனியாக ஒரு உழைப்பு வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இதைவிடப் பெரிய சறுக்கல் ஒன்று உண்டு, அது தனிமனிதருடையது அல்ல. தஞ்சாவூரிலும் சென்னையிலும் சபையார் ஜாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்தார்கள். நற்கருணைக்கும் ஜாதி வரிசைப்படி வந்தார்கள். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், இந்த வேற்றுமைகளை உடனே, அறுதியாக விட்டொழிக்க வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். ஜாதியை விடுவதைவிடச் சபையை விடுவது எளிது என்று பலர் வெளியேறினார்கள். இவர்கள் வேதம் அறியாதவர்கள் அல்லர். வேதத்தைப் பாட்டாகப் பாடியவர்கள்.

நற்கருணை ஆராதனையில் வாசிக்கப்படும் வார்த்தைகள் 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தில் 23ஆம் வசனத்திலிருந்து வருகின்றன. காட்டிக்கொடுக்கப்பட்ட அந்த இரவில் என்று தொடங்கும் பகுதி. ஏன் திடீரென்று பவுல் அந்த இரவை நினைவூட்டுகிறார்? 17 முதல் 22 வரை பாருங்கள். கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முன்னதாக வந்து தாங்கள் கொண்டுவந்ததைச் சாப்பிட்டு முடித்துவிடுகிறார்கள். இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள். இல்லாதவர்களை நீங்கள் வெட்கப்படுத்துகிறீர்களா என்று பவுல் கொதிக்கிறார். அந்தக் கொதிப்பின் நடுவில்தான் அப்பத்தையும் பாத்திரத்தையும் பற்றிப் பேசுகிறார். ஒவ்வொரு நற்கருணையிலும் 23ஐ வாசித்தோம், 22ஐ வாசிக்கவில்லை. வாசித்திருந்தால் வரிசையில் நிற்கும்போது கால் கூசியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் கிறிஸ்தவ மணமகள் தேவை விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள். இரட்சிக்கப்பட்ட, ஜெபிக்கிற, என்று தொடங்கி மூன்றாவது வார்த்தையில் ஜாதி வந்து நிற்கும். 1833 முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

அதே கொரிந்து நிருபத்தில் இரண்டு அதிகாரம் தள்ளி அன்பின் அதிகாரம் வருகிறது. கல்யாண வீடுகளில் வாசிக்கிறோம், பத்திரிகையிலும் அச்சடிக்கிறோம். அதைக் கல்யாணப் பந்தலிலிருந்து எடுத்து, அது எழுதப்பட்ட இடத்துக்கே, அதாவது சண்டையிடும் சபைக்கு நடுவே, திரும்பக் கொண்டுபோய் வைத்தவர் ஒரு தமிழர். திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்ற தேரிக்காட்டு ஊரில் 1874இல் ஓர் ஆயரின் மகனாகப் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா.

1910 ஜூனில் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. ஏறத்தாழ 1200 பிரதிநிதிகள். ஆசியாவிலிருந்து போனவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். முப்பத்தைந்து வயது அசரியாவிடம், வெளிநாட்டு ஊழியருக்கும் உள்நாட்டு ஊழியருக்கும் இடையேயான உறவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நன்றி சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். அவர் உள்ளதைச் சொன்னார்: எசமானும் வேலைக்காரனும் போலப் பழகுகிறோம், பல ஆண்டு கூட வேலை செய்தும் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டதில்லை. முடிக்கும்போது பவுலின் அந்த அதிகாரத்தையே கையில் எடுத்தார். நீங்கள் ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையே கொடுத்தீர்கள். நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள் என்ற பொருளில் பேசினார். சபையில் சிலருக்கு முகம் சிவந்தது. பவுலின் வாசகர்களுக்கும் அன்று அப்படித்தான் சிவந்திருக்கும். இதுவே நான் அறிந்த மிகச் சிறந்த வேத விளக்கங்களில் ஒன்று என்பேன். ஒரு சாப்பாட்டு மேசையை முன்னால் வைத்துச் செய்த விளக்கம்.

மேடைப் பேச்சோடு அவர் நின்றுவிடவில்லை. 1902இல் யாழ்ப்பாணத்துக்குப் போனபோது அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவ இளைஞர்கள் தாங்களே பணம் சேர்த்து ஊழியரை அனுப்புவதைப் பார்த்தார். அந்த உந்துதலில் 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. பின்பு அவரே நிஜாம் சீமையிலிருந்த தோர்ணக்கல்லுக்குக் குடிபெயர்ந்து தெலுங்கு கற்றுக்கொண்டார். 1912 டிசம்பர் 29இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். அவருடைய சபையார் பெரும்பாலும் மாலர், மாதிகர் சமூகங்களைச் சேர்ந்த கூலி விவசாயிகள்; எழுத்தறியாதவர்கள். அவர்களுக்கு வேதக் கதைகளைப் பாட்டாகவும் கூத்தாகவும் கற்பித்தார்கள். போகும் கிராமங்களில் ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலையில் தாங்களே கைவைத்துக்கொள்ளச் சொல்வார் பேராயர். சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ என்று பவுல் சொன்னதைத் தங்களைப் பற்றியே சொல்லச் செய்வார். ஆண்டுக்கு ஒரு வசனம் என்றால் அவர் தெரிந்தெடுத்தது அது!

அசரியாவின் சபைப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைத்தார்கள். வார முடிவில் கோயிலுக்குக் கொண்டுவந்தார்கள். பிடியரிசிக் காணிக்கை நம் தென்பாண்டிச் சபைகளுக்குப் புதிதல்ல. மிசோரமில் 1910இல் தொடங்கிய அதே வழக்கம் இன்றும் அங்குள்ள சபையின் பெரிய வருவாய்களில் ஒன்று. தொகையை விடுங்கள். எனக்கு அதில் பிடித்தது அது நடக்கும் நேரம். ஆலயத்தில், பாட்டு உச்சத்தில் இருக்கும்போது, மனம் உருகி எடுக்கும் காணிக்கை அல்ல அது. அடுப்படியில், புகையில், பிள்ளை அழும்போது, இன்றைக்கு அரிசி போதுமா என்ற கணக்கின் நடுவே எடுப்பது. ஆவிக்குரிய வளர்ச்சி என்று நாம் பெரிதாகப் பேசுவது அந்த இடத்தில்தான் நடக்கிறது அல்லது நடக்காமல் போகிறது. ஒரு நாளில் அது கண்ணுக்குத் தெரியாது. முப்பது ஆண்டு ஒரு பெண் அப்படி எடுத்தால் அவள் கையே வேறு கையாகிவிடும். பக்கத்து வீட்டுக்காரி அரிசி கேட்டு வரும்போது அந்தக் கை யோசிக்காது.

நடைமுறையாக ஏதாவது சொல்லுங்கள் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். ஒன்றே ஒன்று சொல்கிறேன். பிலேமோனுக்கு எழுதின நிருபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 25 வசனங்கள். சத்தமாக வாசித்தாலும் ஐந்து நிமிடம் ஆகாது. அதிலிருந்து யாரும் அட்டை அச்சடித்து நான் பார்த்ததில்லை. சிறையிலிருக்கும் பவுல், ஒநேசிமு என்ற அடிமையை அவன் எசமானிடமே திருப்பி அனுப்புகிறார். இனி இவனை அடிமையாக நடத்தாதே, சகோதரனாகச் சேர்த்துக்கொள். என்னை ஏற்றுக்கொள்வதுபோல ஏற்றுக்கொள் என்று எழுதுகிறார். அவன் உனக்குக் கடன்பட்டிருந்தால் அதை என் கணக்கில் எழுது, நான் தருவேன் என்று தம் கையாலேயே எழுதிக் கொடுக்கிறார். கடைசியில், எனக்கு ஓர் அறையை ஆயத்தம் பண்ணிவை, நான் வருவேன் என்கிறார். அந்தக் கடைசி வரி விளையாட்டல்ல. சொன்னபடி செய்தாயா என்று நேரில் வந்து பார்ப்பேன் என்று அதற்கு அர்த்தம்.

அந்தக் கடிதம் பிலேமோனுக்கு மட்டும் எழுதப்படவில்லை என்பதையும் கவனியுங்கள். அவன் வீட்டிலே கூடிவருகிற சபைக்கும் சேர்த்து எழுதப்பட்டது. ஆக எல்லார் முன்னிலையிலும் அது வாசிக்கப்பட்டிருக்கும். கொண்டுவந்த ஒநேசிமுவும் அங்கேதான் நின்றிருப்பான். தனியறையில் ஒருவன் வாசித்து, நெகிழ்ந்து, மடித்து வைத்துக்கொள்ள வழியே இல்லாமல் பவுல் செய்திருக்கிறார்.

இன்றிரவு குடும்ப ஜெபத்தில் இதை முழுவதும் வாசியுங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்பவர் இருந்தால், அவர் எந்த மதத்தவரானாலும், விருப்பமிருந்தால் அவரும் வந்து உங்களோடு நாற்காலியில் உட்காரட்டும். வாசித்து முடித்ததும் அவருக்குத் தர வேண்டிய பாக்கி ஏதாவது இருக்கிறதா என்று அவரையே கேளுங்கள். ஜெபத்தைப் பிறகு தொடங்கலாம்.